பின் ஷாக் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் வழி

மவுன்டன் பைக்கின் பின் ஷாக் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஷாக்கின் உள்ளே இருப்பதில்லை. காற்றழுத்தம், வால்வு, ஷாக்கை ஃபிரேமோடு பிணைக்கும் புஷ், பூட்டியபடியே மறந்துவிட்ட லீவர் என நான்கையும் பார்த்து முடித்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். இங்கே சொல்வது முக்கியமாகக் காற்று ஷாக்குகளுக்கு, அதாவது ஃபாக்ஸ் ஃப்ளோட், ராக்‌ஷாக்ஸ் டீலக்ஸ், சூப்பர் டீலக்ஸ் வகையறாவுக்கு. காற்றுக்குப் பதில் சுருள் ஸ்பிரிங் உள்ள காயில் ஷாக் பற்றிக் கடைசிப் பக்கம் கொஞ்சம் உண்டு.

கையில் இருக்க வேண்டியவை: 300 பிஎஸ்ஐ வரை காட்டும் ஷாக் பம்ப், ஸ்கேல் அல்லது வெர்னியர், ஆலன் கீ செட், டார்க் ரென்ச், வால்வு கோர் கழற்றும் சாவி, சோப்புத் தண்ணீர். டயர் பம்ப் இதற்கு ஆகாது. பெட்ரோல் பங்க் காற்றும் ஆகாது. ஷாக்கின் காற்றறை மிகச் சிறியது. பெரிய பம்பில் அழுத்தத்தை ஐந்து, பத்து என்று நுணுக்கமாக ஏற்றவோ இறக்கவோ முடியாது.

எதைத் தொடும் முன்பும் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: இப்போதைய அழுத்தம், ரீபவுண்ட் குமிழ் (அமுங்கிய ஷாக் திரும்ப எழும்பும் வேகத்தை மாற்றும் திருகு) முழுக்க மூடிய நிலையிலிருந்து எத்தனை கிளிக் வெளியே இருக்கிறது, கம்ப்ரஷன் லீவர் (ஷாக் அமுங்குவதை இறுக்கும் லீவர்) எந்த நிலையில் இருக்கிறது, சேக் எவ்வளவு. சேக் என்பது வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஷாக் அமுங்கும் அளவு. லீவரைத் திறந்த நிலையில் வைத்து, ஹெல்மெட், தண்ணீர்ப் பை என்று ஓட்டும்போது போடும் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, சுவரில் ஒரு கை ஊன்றி உட்காருங்கள். இரண்டு முறை மெல்லக் குதித்து அசையாமல் இருந்து, ஷாக்கின் தண்டில் உள்ள ரப்பர் வளையத்தை ஏர் கேன் (காற்றறையின் வெளிக்குழல்) வரை தள்ளிவிட்டு, பைக்கை உலுக்காமல் இறங்கி அளக்க வேண்டும். ஷாக்கின் ஸ்ட்ரோக்கில் 25 முதல் 30 சதவீதம் அமுங்கியிருந்தால் சரி. 45 மி.மீ. ஸ்ட்ரோக்குக்கு 11 முதல் 13.5 மி.மீ.; 55-க்கு 14 முதல் 16.5; 65-க்கு 16 முதல் 19.5. இங்கே ஸ்ட்ரோக் என்பது ஷாக் அமுங்கும் நீளம். பின் சக்கரம் நகரும் 130, 150 மி.மீ. கணக்கை இதில் கலந்துவிடாதீர்கள்.

அறிகுறி: காற்று இறங்கிப் போகிறது

முதலில் நிஜமாகவே இறங்குகிறதா என்று பாருங்கள். பம்பை மறுபடி மாட்டும்போது ஷாக்கின் காற்றில் கொஞ்சம் பம்பின் குழாய்க்குள் ஏறும். அதனால் நேற்று 180 வைத்த ஷாக் இன்று 165 காட்டினால் அது கசிவு அல்ல. மாட்டும்போது 10 முதல் 20 பிஎஸ்ஐ குறைந்து காட்டுவது இயல்பு. பம்பைக் கழற்றும்போது வரும் ‘புஸ்’ சத்தமும் குழாயில் இருந்த காற்றுதான். கசிவைக் கண்டுபிடிக்க அளவுமானியை நம்ப வேண்டாம், சேக்கை நம்புங்கள்: இன்று 15 மி.மீ., இரண்டு நாள் கழித்து அதே உடுப்பில் அதே இடத்தில் 19 என்றால் காற்று போகிறது.

வெப்பமும் கணக்கில் வரும். சென்னையில் 35 டிகிரியில் 180 வைத்த ஷாக், ஊட்டியில் 15 டிகிரிக் காலையில் ஏறத்தாழ 170 காட்டும். குளிரில் காற்று சுருங்குவது அழுத்தத்தைக் குறைக்கிறது. மலை உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் அதில் கொஞ்சம் ஈடாகிவிடுகிறது. மலைக்குப் போனால் அங்கே போய்ச் சேக் பார்த்து நிரப்புங்கள்.

உண்மையான கசிவு என்று உறுதியானால், மலிவான இடத்திலிருந்து தொடங்குவோம்.

வால்வு கோர். மூடியைக் கழற்றி வால்வில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். நுரை எழும்பினால் கோரைச் சாவியால் மெல்ல ஒரு இறுக்கு இறுக்குங்கள். அப்படியும் வந்தால் புதுக் கோர் போட வேண்டும். அதற்கு முன் காற்றை முழுக்க இறக்கியிருக்க வேண்டும், அழுத்தம் இருக்கும்போது கோரைத் திருகிக் கழற்றினால் அது துப்பாக்கிக் குண்டு வேகத்தில் முகத்துக்கு வரும். டியூப் வால்வு கோர் அவசரத்துக்குப் பொருந்தும் என்றாலும், அவ்வளவு அழுத்தத்தை நீண்ட நாள் பிடித்து நிற்க ஷாக் அல்லது ஃபோர்க்குக்கான கோர்தான் நல்லது.

ஏர் கேன். ஷாக்கைக் கழற்றி, வழக்கமான அழுத்தத்தில் வாளித் தண்ணீரில் முழுக்குங்கள். முதல் அரை நிமிடம் இடுக்குகளில் சிக்கிய காற்று குமிழாக வரும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். பிறகும் ஒரே இடத்திலிருந்து சீராகக் குமிழ் வந்தால் அதுதான் இடம். கேனின் மறை பக்கம் வந்தால் அங்கே உள்ள அசையாத ஓ-ரிங். தண்டு கேனுக்குள் நுழையும் வாயில் வந்தால் அங்கே உள்ள சீல். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ஏர் கேன் சீல் கிட். இதை வீட்டில் செய்யலாம், கீழே விவரமாக இருக்கிறது.

குமிழே இல்லை, ஆனால் சேக் கூடிக்கொண்டே போகிறது என்றால் காற்று வெளியே போகவில்லை, உள்ளேயே இடம் மாறுகிறது. ஷாக்கின் மொத்த நீளமும் குறைந்திருந்தால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: ஷாக் அமுங்கியபடியே நிற்கிறது, எழும்பவில்லை

இந்தப் பக்கத்தில் உயிருக்கு ஆபத்தான அறிகுறி இது ஒன்றுதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். காற்று ஷாக்கில் இரண்டு அறைகள் உண்டு. மேலறைக் காற்று ஷாக்கை நீட்டப் பார்க்கும், நெகட்டிவ் அறைக் காற்று சுருக்கப் பார்க்கும். நெகட்டிவ் அறையில் அழுத்தம் மிகுந்துவிட்டால் ஷாக் உள்ளே இழுபட்டு நிற்கும். அந்த நிலையில் ஏர் கேனைத் திருகிக் கழற்றினால், கடைசி மறையைத் தாண்டியதும் கேன் வெடித்துப் பறக்கும். விரல் உடைந்தவர்கள் உண்டு.

எளிய காரணம்: பைக்கின் மேல் எடையோடு, ஷாக் அமுங்கிய நிலையில், காற்றை ஒரே மூச்சில் இறக்கியிருப்பீர்கள். மேலறை காலியாகிவிட்டது, நெகட்டிவ் அறையில் இருந்தது மாட்டிக்கொண்டது. இதற்குப் பம்பை மாட்டி, ஷாக்கின் மேல் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல் 200, 250 என்று ஏற்றுங்கள். ஒருவர் பின் சக்கரத்தைத் தரையில் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் ஃபிரேமை மேலே தூக்கினால் ஷாக் நீண்டு, இரு அறைகளையும் இணைக்கும் சிறு பள்ளத்தைத் தாண்டும்போது அழுத்தம் சமமாகிவிடும். பிறகு வழக்கமான அளவுக்கு இறக்கி இரண்டு நாள் கவனியுங்கள்.

மறுபடி அமுங்கினாலோ, முதலிலேயே எழும்பாவிட்டாலோ, பிஸ்டன் சீல் போய்விட்டது. வீட்டு வேலை அத்தோடு முடிந்தது. கேனைத் தொடாதீர்கள், துளை போட்டுப் பார்க்காதீர்கள், பைக் கடையில் ‘நான் கழற்றுகிறேன்’ என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட சஸ்பென்ஷன் சர்வீஸ் சென்டருக்கு, ‘அமுங்கி மாட்டிக்கொண்டது, உள்ளே அழுத்தம் இருக்கிறது’ என்று பெட்டியின் மேலேயே எழுதி அனுப்புங்கள்.

இது வராமல் இருக்க: காற்றை இறக்கும்போது கொஞ்சம் இறக்கி, ஷாக்கை மேல் கால்வாசியில் மெல்ல நாலைந்து முறை அமுக்கி விட்டு, மறுபடி கொஞ்சம் இறக்குங்கள். ஏற்றும்போதும் ஏறத்தாழ 50 பிஎஸ்ஐக்கு ஒருமுறை நிறுத்தி, பத்து முறை மெல்ல அமுக்கிச் சமப்படுத்துங்கள்.

அறிகுறி: ‘டொக்’ என்று ஆட்டம்

ஏறி உட்காரும்போதும், பைக்கைத் தூக்கி வைக்கும்போதும் ஒரு தட்டல் கேட்கும். உடனே ஷாக்கைச் சந்தேகிப்பது வழக்கம். பாதி நேரம் குற்றவாளி டிராப்பர் சீட் போஸ்ட், அதாவது ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்கும் தண்டு. சீட்டைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தால் போஸ்டின் ஆட்டமும் சேர்ந்து கையில் தெரியும். அதனால் சீட்டை விட்டுவிட்டு ஃபிரேமின் பின் முக்கோணத்துக்கு மேலே பிடித்து ஒரு சென்டிமீட்டர் மட்டும் மெல்லத் தூக்கி இறக்குங்கள். இன்னொரு கையின் விரலை ஷாக்கின் கண்ணும் (முனையில் போல்ட் நுழையும் வளையம்) ஃபிரேமும் சேரும் கோட்டில் வைத்திருங்கள். மேல் கண், கீழ்க் கண், ராக்கர் லிங்க்கின் (ஷாக்கைப் பின் முக்கோணத்தோடு இணைக்கும் நெம்புகோல்) ஒவ்வொரு மூட்டு, கடைசியாகப் பின் ஆக்சில். விரல்நுனியில் நகர்வு உணரும் இடம்தான் இடம்.

போல்ட் தளர்வுதான் முதல் காரணம். டார்க் ரென்ச்சில், ஃபிரேம் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். மறையில் நீல நிற லாக்டைட் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போதும். சிவப்பு வேண்டாம், பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது.

அடுத்தது கண்ணில் உள்ள புஷ். மெல்லிய உலோகக் குழலின் உள்ளே வழுக்கும் பூச்சு இருக்கும். அது தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால் ஆயுள் முடிந்தது. ஷாக் அதிகம் சுழலும் முனையின் புஷ் சீக்கிரம் போகும், மற்றது பல வருடம் வரும். அதனால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் ஒரு புஷ்ஷை மாற்றும்போது அதற்குள் இருக்கும் பின்னையும், இரு பக்க ரெட்யூசரையும் (கண்ணுக்கும் ஃபிரேமுக்கும் இடையே உட்காரும் அலுமினிய வளையம்) பாருங்கள். அலுமினியத்தின் நிறப்பூச்சு போய் ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் அதையும் மாற்றியாக வேண்டும். புதுப் புஷ்ஷில் தேய்ந்த பின்னைப் போட்டால் தட்டல் ஒரு மாதத்தில் திரும்பி வரும்.

மாற்றுவது எளிது. வைஸில் ஒரு பக்கம் புஷ்ஷைவிட மயிரிழை சிறிய சாக்கெட், மறுபக்கம் அதை விழுங்கும் அளவுக்குப் பெரிய சாக்கெட் வைத்து மெல்ல அழுத்தினால் பழையது வெளியேறும். புதியதை அதே முறையில், நேராக, சுத்தியல் தொடாமல் ஏற்றுங்கள். முதல் இரண்டு மில்லிமீட்டர் சாய்ந்து போனால் நிறுத்தி, வெளியே தள்ளிவிட்டு மறுபடி தொடங்குங்கள். சாய்வோடு அழுத்தினால் கண் கீறிவிடும், கண் கெட்டால் அந்தப் பாகம் முழுதும் மாற்ற வேண்டும். வைஸ் இல்லாதவர்கள் லேத் பட்டறையில் கையோடு நின்று செய்துகொள்ளலாம், ‘சுத்தியல் வேண்டாம்’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ரெட்யூசர் வாங்கும்போது இரண்டு எண் தேவை: ஃபிரேமில் ஷாக் உட்காரும் இடைவெளியின் அகலம், போல்ட்டின் விட்டம். பழையதை வெர்னியரில் அளந்தே வாங்குங்கள். 22 என்றும் 22.2 என்றும் வரும், கண்ணால் வித்தியாசம் தெரியாது.

புஷ் சரியாக இருந்தும் சீக்கிரம் சீக்கிரம் தேய்கிறது என்றால் ஃபிரேமைப் பாருங்கள். ஷாக்கின் ஒரு முனையை மட்டும் மாட்டி, மறுமுனையைக் கையால் இறக்கினால் போல்ட் ஓட்டையில் தானாக வந்து உட்கார வேண்டும். பக்கவாட்டில் தள்ளி உட்கார வைக்க நேர்ந்தால் லிங்க் வளைந்திருக்கிறது, அல்லது பேரிங் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. லிங்க் பேரிங் எண் அதன் ரப்பர் மூடியிலேயே பொறித்திருக்கும். பல ஃபிரேம்களில் அது சாதாரணப் பேரிங் கடையில் கிடைக்கும் அளவுதான். வளைந்த லிங்க்கை நிமிர்த்தப் பார்க்காதீர்கள்.

அறிகுறி: பின்பக்கம் தூக்கி அடிக்கிறது, அல்லது எழும்பவே சோம்புகிறது

இது பெரும்பாலும் பழுதல்ல, டியூனிங். ரீபவுண்ட் குமிழை வலப்பக்கம் மெல்ல நிற்கும் வரை திருகுங்கள் (பலவந்தம் வேண்டாம், உள்ளே உள்ள ஊசி நசுங்கும்), அங்கிருந்து மொத்தக் கிளிக்கில் பாதி வெளியே வந்து தொடங்குங்கள். பிறகு நடைபாதை விளிம்பிலிருந்து, சுமார் 15 செ.மீ. உயரம், உட்கார்ந்தபடியே மெதுவாக இறங்குங்கள். பின்பக்கம் அமுங்கி, ஒருமுறை எழும்பி, நின்றுவிட வேண்டும். இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடினால் வேகம் அதிகம், ஒரு கிளிக் மூடுங்கள். இறங்கி அப்படியே கிடந்து பிறகு நிதானமாக எழுந்தால் ஒரு கிளிக் திறங்கள்.

மெதுவான ரீபவுண்டைப் பலர் கவனிப்பதில்லை, ஏனென்றால் நடைபாதையில் அது சொகுசாகத்தான் தெரியும். பாதையில் வேறு விதமாக வரும்: வேர்கள், கற்கள் வரிசையாக வரும் இடத்தில் முதல் இரண்டு மோதல் மென்மை, ஐந்தாவது ஆறாவது கட்டை மாதிரி. ஒவ்வொரு மோதலுக்கும் நடுவில் ஷாக் முழுக்க எழும்பவில்லை, கீழேயே அடைந்துபோகிறது. ‘காற்று அதிகம்’ என்று அழுத்தத்தைக் குறைத்தால் இன்னும் மோசமாகும். திறக்க வேண்டியது ரீபவுண்ட்.

அழுத்தத்தை மாற்றினால் ரீபவுண்டையும் மறுபடி பாருங்கள். காற்று கூடினால் ஷாக் வேகமாக எழும்பும். 10 பிஎஸ்ஐ ஏற்றினால் ஒரு கிளிக் மூடிப் பார்ப்பது நல்ல தொடக்கம்.

குமிழை முழுக்க மூடினாலும் திறந்தாலும் வித்தியாசமே இல்லையா? குமிழ் கிளிக் இல்லாமல் சும்மா சுழல்கிறதா என்று பாருங்கள். சுழன்றால் குமிழைப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம், இறுக்கினால் முடிந்தது. கிளிக் சரியாக வந்தும் பலன் இல்லை என்றால் டேம்பரில் (எண்ணெயால் ஷாக்கின் வேகத்தை அடக்கும் உட்பகுதி) எண்ணெய் குறைந்திருக்கிறது. அது அடுத்த அறிகுறி.

அறிகுறி: ‘சளக் சளக்’ சத்தம், தொடக்கத்தில் பிடிமானம் இல்லை

எண்ணெய் வால்வு வழியாகப் பாயும் ‘ஸ்ஸ்’ சத்தம் எல்லா ஷாக்கிலும் உண்டு, அதற்குப் பயப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது சத்தத்தோடு சேர்ந்து வரும் வெற்று நகர்வு. லீவரை இறுக்கமான நிலையில் போட்டுவிட்டு ஃபிரேமை மெல்ல அழுத்துங்கள். நல்ல ஷாக் தொடக்கத்திலேயே எதிர்க்கும். முதல் 5 முதல் 10 மி.மீ. தடையின்றி இறங்கி, அதன் பிறகுதான் ‘டப்’ என்று பிடித்தால், டேம்பர் எண்ணெயில் காற்று அல்லது நைட்ரஜன் கலந்துவிட்டது.

இதற்கு வீட்டில் வைத்தியம் இல்லை. டேம்பருக்குள் மிதக்கும் பிஸ்டனின் பின்னால் நூற்றுக்கணக்கான பிஎஸ்ஐ அழுத்தத்தில் நைட்ரஜன் அடைத்திருக்கும். டயர் கடை நைட்ரஜன் அந்த அழுத்தத்துக்கு அருகில்கூட வராது. அதை ஏற்றத் தனி ஊசி அல்லது அடாப்டரும், எண்ணெயில் குமிழே இல்லாமல் நிரப்பும் முறையும் வேண்டும். மேலும், அந்த அழுத்தத்தை இறக்காமல் டேம்பரைத் திறப்பது ஆபத்து. சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள். அதுவரை லேசான பாதையில் ஓட்டலாம், குதிக்க வேண்டாம்.

அறிகுறி: எண்ணெய் தெரிகிறது

தண்டில் விரலால் தொட்டால் தெரியும் மெல்லிய ஈரம் நல்லது. சீல் வழுக்குவதற்கு அது வேண்டும். அந்த ஈரத்தில் தூசி ஒட்டி ஒரு கறுப்பு வளையம் விழும், ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் மென்துணியால் துடைத்துவிடுங்கள்.

சொட்டாக வடிந்தால் வேறு கதை. எங்கிருந்து வருகிறது என்று தெரிய ஒரு எளிய சோதனை உண்டு. வால்வின் மேல் வெள்ளைத் துணியைச் சுற்றிக் காற்றை மெல்ல இறக்குங்கள். பொடிப் பொடியாக இரண்டு மூன்று துளி விழுந்தால் அது ஏர் கேனுக்குள் வைத்த உயவெண்ணெய். துணி நனைந்து நுரை நுரையாக வந்தால் டேம்பரின் எண்ணெய் சீலைத் தாண்டிக் காற்றறைக்குள் வருகிறது. அப்படி வந்த எண்ணெய் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் ஷாக் கடைசிப் பகுதியில் கடினமாகும், ரீபவுண்ட் பலமிழக்கும். இது டேம்பர் சர்வீஸ். கேனைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டுவதால் ஒன்றும் ஆகாது.

அறிகுறி: முழு ஸ்ட்ரோக் கிடைக்கவில்லை, அல்லது அடிக்கடி அடியில் இடிக்கிறது

சேக் 25 முதல் 30-க்குள் இருக்கிறதா என்று பார்க்காமல் இந்தப் பேச்சே வேண்டாம். சேக் சரி, ஆனால் கரடான பாதையில்கூட ரப்பர் வளையம் தண்டின் கடைசி 8, 10 மி.மீ.-ஐத் தொடவில்லை என்றால் காற்றறைக்குள் இடத்தை அடைத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் துண்டான வால்யூம் ஸ்பேசரில் ஒரு அளவு குறையுங்கள். மாறாக, சேக் சரியாக இருந்தும் ஒவ்வொரு குதியிலும் இடித்தால் ஒரு அளவு கூட்டுங்கள். ஒரு முறைக்கு ஒரு மாற்றம்தான். ஒரு ஓட்டத்தில் மிகப் பெரிய மோதலில் ஒருமுறை அடியைத் தொடுவது சரியான டியூனிங்தான், பழுதல்ல.

ஸ்பேசர் குறைத்தும் அசையவில்லையா? காற்றை (மேலே சொன்ன முறையில்) முழுக்க இறக்கிவிட்டு ஷாக்கைக் கையால் அமுக்கி, அமுங்கும் நீளத்தை அளங்கள். காற்றில்லாமல் ஸ்ட்ரோக் முழுதும் கிடைத்தால் பிரச்சினை அழுத்தமும் ஸ்பேசரும்தான். அப்போதும் நடுவில் நின்றால் உள்ளே அளவுக்கு மீறிய எண்ணெய் இருக்கலாம், அல்லது ஃபிரேம் எங்கோ முட்டுகிறது. பெரிய டயர் மாற்றியவர்கள் சீட் டியூப் பக்கம் உரசல் தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: சிறு மேடுகளில் கட்டையாக இருக்கிறது

லீவர் பாதி மூடியிருக்கும். ஹேண்டில்பாரில் ரிமோட் இருந்தால் கேபிள் இறுகியோ துருப்பிடித்தோ முழுக்கத் திறக்க விடாமல் பிடித்திருக்கும். கேபிளைக் கழற்றிவிட்டு அழுத்திப் பாருங்கள். அது இல்லையென்றால் நெகட்டிவ் அறை சமமாகவில்லை: பத்து முறை மெல்ல அமுக்கிவிட்டு அழுத்தத்தை மறுபடி பாருங்கள். அதுவும் இல்லையென்றால் சீல் உலர்ந்துவிட்டது, ஏர் கேன் சர்வீஸ்.

ஏர் கேன் சர்வீஸ்: வீட்டில் செய்யக்கூடிய எல்லை

ராக்‌ஷாக்ஸ் இதை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது. செம்மண் சேற்றிலும் மழையிலும் ஓட்டுபவர்கள் அதற்கு முன்பே செய்வது நல்லது. டூவீலர் வாட்டர் சர்வீஸில் விட்டு, பீய்ச்சும் தண்ணீரை ஷாக்கின் மேல் காட்டுபவர்களுக்கு எந்தக் கணக்கும் உதவாது. அந்த அழுத்தம் தூசியையும் தண்ணீரையும் சீலைத் தாண்டி உள்ளே தள்ளிவிடும்.

சீல் கிட் மாடலுக்கு மாடல் வேறு. ஃபாக்ஸில் ஷாக் மேல் உள்ள நான்கெழுத்துக் குறியீட்டையும், ராக்‌ஷாக்ஸில் வரிசை எண்ணையும் வைத்துக் கம்பெனியின் தளத்தில் தேடினால் சரியான கிட்டும், எண்ணெய் அளவு உள்ள கையேடும் கிடைக்கும். ஹைட்ராலிக் கடையில் கிடைக்கும் ஓ-ரிங் அளவு பொருந்தினால் கேன் மறையின் அசையாத இடத்துக்கு அவசரத்துக்குப் போடலாம். தண்டோடு உரசும் சீல்களுக்கு வேண்டவே வேண்டாம்.

1. அழுத்தம், கிளிக் எழுதி, படம் எடுத்து, மேலே சொன்னபடி காற்றைப் படிப்படியாக இறக்குங்கள். ஷாக் முழு நீளத்துக்கு நீண்டிருக்க வேண்டும். நீளம் குறைவாக இருந்தால் இங்கேயே நிறுத்துங்கள்.
2. ஃபிரேமிலிருந்து கழற்றி, வெளியே நன்றாகக் கழுவித் துடையுங்கள். வால்வை மறுபடி ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.
3. கண்ணை மென்தாடை போட்ட வைஸில் பிடியுங்கள். கண் வழியாக ஒரு துணியைச் சுற்றிக் கட்டினால் கேன் திடீரென்று வந்தாலும் பறக்காது. கண்ணாடி அணியுங்கள், முகத்தை நேர்க்கோட்டில் வைக்காதீர்கள்.
4. கேனை ஸ்ட்ராப் ரென்ச்சால் இடப்பக்கம் திருகுங்கள். ஸ்ட்ராப் இல்லையென்றால் பழைய டியூபைச் சுற்றிக் கையால் திருகலாம். குழாய் ரென்ச்சின் பல் பட்டால் கேன் போயிற்று. மறை தாண்டியதும் வெற்றிடம் இழுக்கும். நேராக இழுத்தால் ஒரு ‘பொக்’ சத்தத்தோடு வரும்.
5. பழைய கிரீஸைத் துடைக்க ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் ரப்பரை உப்ப வைக்கும். பனியன் வேஸ்டும் கூடாது. ஒரு நூலிழை சீலின் கீழ் மாட்டினால் மறுநாளே கசிவு.
6. சீல்களை எடுக்கும் முன் அவை அடுக்கியிருக்கும் வரிசையைப் படம் எடுங்கள். ரப்பர் சீலின் பக்கத்தில் கடினமான பிளாஸ்டிக் வளையம் இருக்கும், அது எந்தப் பக்கம் என்பது முக்கியம். எடுக்கப் பிளாஸ்டிக் அல்லது மரக் குச்சி. இரும்பு ஊசி பள்ளத்தில் கீறினால் புது சீலும் காற்றைப் பிடிக்காது.
7. தண்டை வெளிச்சத்தில் சுழற்றி நகத்தால் வருடுங்கள். கண்ணுக்குத் தெரிந்தாலும் நகம் சிக்காத கோடு பரவாயில்லை. நகம் சிக்கினால் அந்த இடம் ஒவ்வொரு முறையும் சீலைக் கிழிக்கும். தண்டு மாற்றத்துக்கு விலை கேட்டுவிட்டு, புது ஷாக்கின் விலையையும் சேர்த்துப் பாருங்கள்.
8. புது சீல்களுக்கு சஸ்பென்ஷன் கிரீஸ் மெல்லிய படலமாக. பேரிங் கிரீஸ் வேண்டாம், அது கெட்டிப்பட்டு ஷாக்கை மந்தமாக்கும். கேனின் உட்சுவரில் விரலுக்கு ஒரு சிறு குழி தட்டுப்படும். அதுதான் இரு அறைகளையும் சமப்படுத்தும் வழி. அதில் கிரீஸ் அடைத்தால் சர்வீஸ் முடிந்த ஷாக் ஓட்ட ஓட்டத் தாழ்ந்துபோகும். வீட்டில் செய்யும் சர்வீஸில் அடிக்கடி நடக்கும் தவறுகளில் இது ஒன்று.
9. எண்ணெய், கையேட்டில் உள்ள அளவு மட்டும். பெரும்பாலும் சில மில்லிதான், மெடிக்கல் கடை சிரிஞ்ச் போதும்.
10. கேனை நேராக ஏற்றி, மறை சிக்காமல் கையால் திருகி, கையேடு சொல்லும் இறுக்கத்துக்கு முடியுங்கள். 50, 100, 150 என்று நிறுத்தி நிறுத்திக் காற்று ஏற்றிச் சமப்படுத்துங்கள். ஒரு இரவு வைத்து, வாளியில் முழுக்கிப் பார்த்த பிறகே ஃபிரேமில் மாட்டுங்கள்.

காயில் ஷாக் என்றால்

‘டங்’ என்ற சத்தம் வந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. பிரீலோட் வளையம் (ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் திருகு வளையம்) ஸ்பிரிங்கைத் தொட்ட பிறகு ஒரு சுற்று இறுக்குங்கள். சேக் சரியாக வர இரண்டு சுற்றுக்கு மேல் தேவைப்பட்டால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெலிது. அடுத்த எண் வாங்குங்கள். ஸ்பிரிங்கில் முதல் எண் விறைப்பு, இரண்டாவது அது அமுங்கும் நீளம். இரண்டாவது எண் ஷாக்கின் ஸ்ட்ரோக்கைவிடக் குறைந்தால் சுருள்கள் ஒன்றோடொன்று மோதி ஷாக்கை உடைக்கும்.

சர்வீஸ் சென்டருக்கு அனுப்பும்போது

ரெட்யூசர், போல்ட் எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வையுங்கள், தனியாக அனுப்பினால் தொலையும். அமுங்கி மாட்டிய ஷாக்கைத் தவிர மற்றதில் காற்றை இறக்கிவிடுங்கள். உங்கள் எடை, வைத்திருந்த அழுத்தம், கிளிக், எந்த நிலையில் என்ன சத்தம் என்று ஒரு தாளில் எழுதிப் போடுங்கள். ‘சரியில்லை’ என்று மட்டும் எழுதினால் மேசையில் வைத்து அமுக்கிப் பார்த்து ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று திருப்பி அனுப்ப வாய்ப்புண்டு. மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். திரும்பி வந்த ஷாக்கில் பழைய அழுத்தத்தை அப்படியே வைக்காமல் சேக்கைப் புதிதாக அளங்கள். புது சீலோடு ஐந்து, பத்து பிஎஸ்ஐ மாறும். முதல் ஓட்டம் முடிந்ததும் இரு கண்களின் போல்ட்டையும் டார்க் ரென்ச்சால் ஒருமுறை பாருங்கள்.